மடக்குக்கத்தி: பேனாக்கத்தியில் பேனா எங்கே?

என் மாமா வயரிங் வேலை பார்த்தவர். சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் வயர் இழுத்த காலத்து ஆள். அவருடைய கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு கத்தி கிடக்கும். கறுத்துப்போன கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, அலகின் முதுகோரம் சின்னதாக ஒரு நகக்குழி. இடது கட்டைவிரல் நகத்தைக் குழியில் கொடுத்து இழுப்பார். பாதி தூரம் முரண்டு பிடிக்கும், அப்புறம் 'டக்'கென்று நேராக நிற்கும். வயரின் தோலை அவர் சுற்றி வெட்ட மாட்டார். கத்தியைச் சாய்த்து வைத்து, பென்சில் சீவுவதுபோலச் சீவுவார். சுற்றி வெட்டினால் செம்புக் கம்பியில் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் கம்பி ஒருநாள் ஒடியும் என்பார். மதியம் அதே கத்தியைத் துடைத்துவிட்டு மாங்காய் நறுக்குவார்.

அதை அவர் பேனாக்கத்தி என்றுதான் சொல்வார். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் மாமாவின் வேலையில் பேனா என்ற பொருளே கிடையாது. காதில் செருகியிருந்ததுகூடப் பென்சில்தான்.

பேனாக்கத்தி, ஆங்கிலத்துப் பென்நைஃபை அப்படியே தமிழில் எடுத்துக்கொண்ட சொல். ஐரோப்பாவில் எஃகு நிப்பு பரவுவதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் வாத்து இறகால்தான் எழுதினார்கள். இறகின் தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியில் ஒரு பிளவு போட்டால் அது எழுதுகோல். கொஞ்ச நேரம் எழுதினாலே நுனி நைந்துவிடும், மறுபடி சீவ வேண்டும். அதனால் எழுதுபவர் பக்கத்தில் ஒரு சிறு கத்தி இருந்துகொண்டே இருக்கும். 1820களில் பர்மிங்காம் பட்டறைகள் எஃகு நிப்புகளை மலைமலையாகச் செய்யத் தொடங்க, இறகுக்கு மெல்ல மெல்ல வேலை போயிற்று. கத்திக்குப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு சுவையான செய்தி. நம்முடைய 'பேனா'வும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்ததுதான். மேசை, சன்னல், சாவி, அலமாரி வந்த அதே கப்பலில் வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு முதற்பொருள் இறகு. ஆக, பேனாக்கத்தி என்னும்போது நமக்கே தெரியாமல் இறகுக்கத்தி என்றுதான் சொல்கிறோம்.

சரி, இறகால் எழுதாத நம் ஊரில் எழுதுபவர் கையில் என்ன இருந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சொல் வருகிறது: மடக்கெழுத்தாணி. ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணியில் பல வகை உண்டு. தலைப்பக்கம் கனமான குண்டு வைத்தது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் எழுதும் கூரும் மறு முனையில் ஓலையை வாருவதற்குக் கத்தியும் கொண்டது வாரெழுத்தாணி. மூன்றாவது, பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் மடக்கெழுத்தாணி. மரத்திலோ கொம்பிலோ தந்தத்திலோ ஒரு பிடி. அதன் ஒரு பக்கத்திலிருந்து எழுத்தாணி விரியும், இன்னொரு பக்கத்திலிருந்து கத்தி விரியும். பனையோலையின் ஓரத்தை வாரிச் சீராக்கக் கத்தி, எழுத எழுத்தாணி, வேலை முடிந்தால் இரண்டும் பிடிக்குள். எழுதுபவரின் மடங்கும் கத்தி நம்மிடமே இருந்திருக்கிறது, அதற்குப் பெயரும் இருந்திருக்கிறது. அந்தப் பெயரின் முதற்பாதியை எடுத்துக் கத்தியோடு சேர்த்தால் மடக்குக்கத்தி. யாரும் புதிதாக ஆக்கித் தர வேண்டியதில்லை. பழக்கத்தில் உள்ள சொல்தான். நாம்தான் குறைவாகச் சொல்கிறோம்.

இப்போது இணையக் கடைகளில் 'மடிப்புக் கத்தி' என்று ஒன்று பார்க்கிறேன். இது சரியில்லை. துணியை மடிக்கிறோம், காகிதத்தை மடிக்கிறோம், வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். அங்கெல்லாம் பொருளே வளைந்து தன்மேல் படிகிறது. காலையும் விரலையும் குடையையும் மடக்குகிறோம். அங்கே மூட்டோ கீலோ இருக்கிறது, பொருள் வளைவதில்லை, மூட்டில் திரும்புகிறது. கட்டிலும் நாற்காலியும்கூட மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலிதான். கத்தியின் அலகு மடிந்தால் அது கெட்டுப்போன கத்தி. மடங்கினால்தான் மடக்குக்கத்தி.

ஈழத்தில் இதே பொருளுக்கு வில்லுக்கத்தி என்ற அழகான பெயர் உண்டு. வில் என்றால் இங்கே ஸ்பிரிங். வில்லுவண்டியில் உள்ள அதே வில்தான். பிடியின் முதுகில் ஓர் எஃகுத் தகடு இருக்கும், அலகின் அடிக்கட்டையை அது அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அடிக்கட்டையின் தட்டையான பக்கம் வில்லின்மேல் உட்காரும். இடையில் மூலை உரசும். மாமாவின் கத்தி பாதி தூரம் முரண்டு பிடித்ததும் 'டக்'கென்று நின்றதும் இதனால்தான். மடக்கு என்ற சொல் கத்தி என்ன செய்கிறது என்று சொல்கிறது. வில்லு என்ற சொல் எதனால் செய்கிறது என்று சொல்கிறது.

ஆனால் வில் அலகைப் பிடித்துத்தான் வைக்கும், பூட்டி வைக்காது. ஒருநாள் மாமா மரச்சட்டத்தில் கத்தி முனையைக் குத்தித் துளையைப் பெரிதாக்கப் பார்த்தார். அழுத்தம் முதுகுப்பக்கம் போனதும் அலகு மடங்கி அவர் சுட்டுவிரலின்மேல் இறங்கிவிட்டது. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. கடின வேலைக்கென்று செய்யும் மடக்குக்கத்திகளில் பூட்டு வைப்பது இதற்காகத்தான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு 1955இல் கழுத்தில் ஒரு சுழல் வளையம் வந்தது. திருகினால் அலகு அசையாது. அமெரிக்காவின் பக் 110 கத்தியில் முதுகுப்பக்கமே ஒரு நெம்புகோல். அதன் கொக்கி அலகின் அடியிலுள்ள வெட்டில் போய் விழும். 1981இல் ஸ்பைடர்கோ என்ற நிறுவனம் கொண்டுவந்த கத்தியில் கட்டைவிரலால் தள்ளித் திறக்க அலகிலேயே ஒரு வட்டத் துளை, பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையால் வேலை செய்பவருக்கு நகக்குழி உதவாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் கத்திக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'வேலையாள்'. கேட்கும்போதே எனக்கு மாமா ஞாபகம்தான்.

இந்த வகைக் கத்திக்குத் தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் இதை ஹெவி டியூட்டி கத்தி என்பார்கள். அதைப் பார்த்ததும் 'கனரக' என்று போட்டுவிடுகிறார்கள். கனரகம் லாரிக்கும் எந்திரத்துக்கும் உரிய சொல். சட்டைப்பையில் கிடக்கும் பொருளுக்கு அது பொருந்தாது. அந்த ஆங்கிலத் தொடர் எடையைச் சொல்லவில்லை, எவ்வளவு வேலை தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதற்கு நம் பேச்சிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. சலவையில் வெளுத்துப்போகாத சாயத்தைக் கெட்டிச் சாயம் என்கிறோம். செருப்போ சைக்கிளோ நாள்பட்டுத் தாங்கினால் 'நல்லா உழைக்குது' என்கிறோம். பொருளும் மனிதனைப்போல உழைக்கிறது என்று சொல்லும் மொழி நம்முடையது. எனவே கெட்டி மடக்குக்கத்தி என்பதே போதும். பூட்டு முக்கியம் என்றால் பூட்டு வைத்த மடக்குக்கத்தி. பேனாக்கத்தி என்ற சொல்லைத் துரத்த வேண்டாம். சாவிக்கொத்தில் தொங்கும் விரல்நீளக் கத்திக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சூரி, பிச்சுவா என்ற சொற்களை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். பழைய இலக்கியத்தின் சுரிகையோடு உறவுள்ள சொல் சூரி. பிச்சுவா இந்தியில் தேளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் குத்துவதற்கான கத்திகள், செய்தித்தாளில் குற்றச் செய்திகளில்தான் வரும். ஒட்டுமாங்கன்று கட்டுபவரும் வயர்மேனும் வைத்திருக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வைப்பது அநியாயம்.

மாமாவின் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் இன்னும் அதே 'டக்'. போன வாரம் இரும்புக்கடையில் "பூட்டு வைச்ச மடக்குக்கத்தி இருக்கா, கெட்டியா வேணும்" என்று கேட்டேன். கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்றை எடுத்து முன்னால் வைத்தார்.