காய்ந்த ரத்தப் பொட்டில் வைரல் லோடு பார்ப்பது எப்படி?

எச்.ஐ.வி. பெருகாமல் தடுக்கும் ஏஆர்டி மாத்திரை வேலை செய்கிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது வைரல் லோடு. ஒரு மில்லி பிளாஸ்மாவில் (அணுக்கள் நீங்கிய ரத்த நீரில்) எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு அது. எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை சரிய மேலும் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் மருந்துக்கு அடங்காத வைரஸ் பெருகிவிடும். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வைரல் லோடுக்கு முதலிடம் தந்தது அதனால்தான்.

பிளாஸ்மா சோதனைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தை 24 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்; பிறகு குளிர் குறையாமல் அனுப்ப வேண்டும். மலாவியின் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் இது எளிதல்ல. அங்கே கைகொடுப்பது, ரத்தத்தைச் சொட்டிக் காயவைத்து அனுப்பும் வாட்மேன் 903 என்ற தடித்த தாள் அட்டை.

அட்டையில் ஐந்து வட்டங்கள். வட்டத்துக்கு சுமார் 70 மைக்ரோலிட்டர் ரத்தம், ஒரே முறையில், ஒரு பக்கத்தில் மட்டும். சிறு சிறு துளியாக மேலே மேலே வைத்தால் ரத்தம் சீராகப் பரவாது. விரலைக் குத்தி எடுக்கும்போது பிதுக்கக் கூடாது. திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும், வைரல் லோடு குறைத்துக் காட்டும். கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்தால் ஈடிடிஏ குழாய்தான். உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும்.

காயவைப்பதில்தான் பெரும்பாலும் கோளாறு நேர்கிறது. வெயில் படாத இடத்தில், அட்டைகள் ஒன்றையொன்று தொடாமல், குறைந்தது 4 மணி நேரம். மழைக்காலத்தில் இரவு முழுக்க. நன்றாகக் காய்ந்த பொட்டு ஒரே மாதிரி அடர்பழுப்பாக இருக்கும். சிவப்பு மிச்சமிருந்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ சிதையும். காய்ந்ததும் மெழுகுத்தாளால் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடும் ஈரங்காட்டி அட்டையோடும் ஜிப் பையில் அடைக்க வேண்டும். ஈரங்காட்டி நிறம் மாறினால் ஜெல்லை மாற்ற வேண்டும். இப்படி அடைத்தால் இரண்டு வாரம் வரை அறை வெப்பத்திலேயே அனுப்பலாம்.

ஆய்வகத்தில் வட்டத்தை வெட்டிக் கரைசலில் ஊறவைத்து, ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, பிசிஆரில் பெருக்கி அளக்கிறார்கள். இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. 70 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா ஏறத்தாழப் பாதி. மில்லிக்கு 500 பிரதிகள் உள்ளவரின் பொட்டில் சிக்குவது சுமார் 20தான். அதோடு ரத்த அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் சேர்ந்து எண்ணப்பட்டால், குறைந்த அளவுகள் கூடுதலாகத் தெரியும். அணுக்களை உடைக்காத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் ஊறவைத்தால் இந்தக் கலப்பு குறையும். ஆகவே பொட்டைக் கொண்டு 50 பிரதிகளைத் தேடுவது வீண். 1,000-க்கு மேலா கீழா என்ற கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். சிகிச்சை தோற்றதா என்று முடிவெடுக்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடும் அதே 1,000தான்.

கோட்டைத் தாண்டினாலும், டோலுடெக்ராவிர் என்ற ஏஆர்டி மருந்து எடுப்பவருக்கு உடனே அதை மாற்றுவதில்லை. மாத்திரை விட்டுப்போகக் காரணம் என்னவென்று பேசி, உதவி செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். முதல் முடிவே மாதக்கணக்கில் தாமதமானால் அந்த மூன்று மாதக் கணக்கு தொடங்கவே தொடங்காது. ஆகவே 1,000-க்கு மேற்பட்ட முடிவுகளையும் சோதிக்க முடியாதென நிராகரித்த அட்டைகளையும் ஆய்வகம் தனியே பிரித்து, அன்றைக்கே கிராம நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.