சர்ட்டிபிகேட் வயசு

"தலைக்கு மேல கையை வளைச்சு மறுபக்கக் காதைத் தொடச் சொன்னாங்க. எட்டவே இல்ல சார். ஆனாலும் ஹெட்மாஸ்டர் சேத்துக்கிட்டார்."

சேர்த்துக்கொண்ட கையோடு ஜூன் 1 என்று ஒரு பிறந்த தேதியையும் எழுதிவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அந்த மனிதருக்கு அதன்படி 58 வயது முடிந்து, ஓய்வுக் கடிதம் வந்துவிட்டது. வீட்டுக் கணக்கில் 56தான். அவருடைய டி.சி.யையும் தம்பியுடையதையும் மேஜையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பிக்கு ஐந்தே மாத வித்தியாசம்!

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது கசப்பான பதில்தான். ஓய்வு நெருங்கும்போது தேதியைத் திருத்தக் கேட்டால் கோர்ட் மசியாது. உச்ச நீதிமன்றம் 1990களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறது. தமிழக அரசுப் பணியில்கூடச் சேர்ந்த 5 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் மாற்றிக்கொண்டு வந்தாலும் பயனில்லை. பிறந்த தேதிக்குச் சான்றாக அதை ஏற்பதை பி.எஃப். நிறுவனம் 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, 58இல் அப்படி என்ன இருக்கிறது? தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு அதை 2020இல் 59 ஆக்கியது, 2021இல் 60 ஆக்கியது. இடையில் யாருக்கும் உடம்பு திடீரென்று தேறிவிடவில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்றத்தில் 65.

இளைஞர்களுக்கு இடம்விட வேண்டும் என்ற வாதம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இவருக்குச் சால்வை போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த திங்கட்கிழமையே அதே லேத்துக்குக் கான்ட்ராக்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள், பாதிச் சம்பளத்துக்கு. எந்த இளைஞனுக்கு இடம் கிடைத்தது? முதலாளிக்குக் கூலி குறைந்தது, அவ்வளவுதான். வயதுவரம்பில் எனக்குள்ள சண்டை இந்த இடத்தில்தான்.

கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுமுன் பழைய சர்வீஸுக்கான கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, தீர்த்து வாங்குங்கள் என்றேன். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டிய பணம் அது. பேசிக், டி.ஏ. சேர்த்து 26,000 ரூபாய், 31 வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கால்குலேட்டரில் போட்டேன்: 4,65,000. கம்பெனி கொடுத்த தாளில் 4,03,000 என்றிருந்தது. ஒரு நாள் சம்பளத்துக்கு மாதச் சம்பளத்தை வேலைநாள் கணக்கான 26ஆல் வகுக்காமல் 30ஆல் வகுத்திருக்கிறார்கள்.

"அதுலயுமா சார்?" என்றார்.