குதிக்கிற வயதில் எலும்புக்குள் என்ன நடக்கிறது?

எட்டாம் வகுப்பு தாண்டியதும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வதும், வயசுக்கு வந்த பெண்ணை "இனிமே என்ன ஓட்டமும் குதிப்பும்" என்று வீட்டில் அடக்கி வைப்பதும் நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் எலும்பைக் கேட்டால், விளையாட்டை நிறுத்த இதைவிட மோசமான சமயம் கிடையாது என்றுதான் சொல்லும்.

எலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ஆஸ்டியோசைட் என்கிற செல்கள் குட்டிக் குட்டிக் குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை இணைக்கும் நுண்ணிய கால்வாய்களில் திரவம் இருக்கிறது. குதித்துக் காலை ஊன்றும்போது எலும்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வளையும், திரவம் நகரும், செல்கள் அதை உணர்ந்துகொள்ளும். புது எலும்பு கட்டுவதைத் தடுத்து வைக்கிற ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை உடனே குறைத்துவிடும். அப்புறம் கட்டுமானச் செல்கள் வேலையை ஆரம்பிக்கும், அதுவும் பாரம் விழுந்த இடத்தில்தான். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடிமனாக இருப்பது இதனால்தான். பின்லாந்தில் வீராங்கனைகளை அளந்து பார்த்தார்கள். பூப்பெய்தும் முன்பே ஆடத் தொடங்கியவர்களுக்கு, ரொம்பத் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட இந்த வித்தியாசம் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருந்தது!

எலும்பில் தாது மிக வேகமாகச் சேரும் வயது பெண்களுக்குச் சுமார் 12½, ஆண்களுக்குச் சுமார் 14. அதை ஒட்டிய இரண்டே வருடத்தில், வளர்ந்தபின் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் கிட்டத்தட்ட கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. நாம் பிள்ளைகளை உட்கார வைப்பதும் சரியாக அப்போதுதான். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை, பெண்களில் 85 சதவீதம்.

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமையானவை, எலும்புக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் தரையில் மோதும் அதிர்ச்சி அதில் இல்லை. ஸ்கிப்பிங், பாண்டி, கோகோ, கபடி, கூடைப்பந்து எல்லாம் இதற்குப் பொருத்தம். இன்னொன்று, அந்தச் செல்கள் சீக்கிரம் மரத்துப்போகும். கொஞ்ச நேரம் குதித்ததுமே அடுத்த குதிப்புகளை முன்புபோல உணராது, மறுபடி விழித்துக்கொள்ளச் சில மணி நேரம் வேண்டும். அதனால் மொத்தமாக ஒரே மூச்சில் குதிப்பதைவிட, காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் என்று பிரித்துக் குதித்தால் எலும்புக்கு அதிகம் கிடைக்கும்.