பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

பிள்ளைகளுக்கு விரலில் மை வைத்து மாதிரித் தேர்தல் நடத்துகிற ஒரு பள்ளியிலேயே, பெற்றோருக்கான தேர்தல் ஐந்து நிமிடத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். "நீங்க, நீங்க, அப்புறம் நீங்க" என்று கை காட்டிப் பெயர் எழுதிக்கொண்டார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா, எதில் உறுப்பினர் ஆனோம் என்பதே தெரியாமல் வீடு திரும்பினார்.

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. சட்டம் இவ்வளவுதான். சிக்கலெல்லாம் நடைமுறையில்தான்.

"படிக்காதவங்க எப்படிம்மா?" என்று பள்ளியில் கேட்டால் பின்வாங்காதீர்கள். அந்தப் பிரிவில் படிப்புத் தகுதி எதுவும் சொல்லப்படவில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகச் சந்தாவைக் கட்டினால்தான் பெயர் சேர்ப்போம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வேறு, இது வேறு. பலரை இந்தக் குழப்பமே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரையே தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். பிள்ளை போனதும் அந்த இடம் காலியாகிவிடும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே போய் அலைய வேண்டாம்.

பெரிய ஆபத்து, குழு எடுக்கும் முடிவுகளை எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகம்தான். கூட்டமே நடக்காமல் புத்தகம் வீட்டுக்கு வரும். "ஒரு கையெழுத்துதாங்க." போடாதீர்கள். என்ன தீர்மானம், எவ்வளவு தொகை என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்திலும், தொகை நிரப்பாத செலவுச் சீட்டிலும் எந்த அவசரத்துக்கும் கையெழுத்து வேண்டாம். பின்னால் கணக்கு கேட்டால் உங்கள் பெயர்தான் முன்னால் நிற்கும். அம்மா உறுப்பினராக இருக்க, அப்பா வந்து உட்காருவதும் கூடாது. வாக்கு அம்மாவுடையது.

தேர்தலே நடக்கவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதற்கு முடிவே கிடையாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுத வேண்டும். "இந்த மேசை இல்லை, அந்த மேசை" என்று உங்களை அங்கேயும் சுற்ற விடுவார்கள். நேரில் வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உறுப்பினர் பட்டியலும் கடந்த ஆண்டின் தீர்மானப் புத்தக நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்த நகலில் உங்கள் கையெழுத்து உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.