சத்தத்தை விழுங்கும் களிம்பு

காரைக்குடியில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “பங்குனித் திருவிழா மேடையில பாதிக் கச்சேரியில ஆம்ப் சத்தம் அடங்கிப்போச்சு சார். கோபத்துல தடிச்ச கம்பிய ஓங்கி இழுத்தேன், பழையபடி முழங்குச்சு. ரெண்டு பாட்டு தாண்டுனா மறுபடி முனகல். திருஷ்டின்னு சொல்லி கைப்பிடியில எலுமிச்சம்பழம் கட்டிட்டாங்க. என்னதான் கோளாறு?”

கேபிளை மாற்றிவிட்டார், கிதாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியும் புதுசு. சரி, ஆம்பின், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டியின், முதுகைத் திருப்பிப் பாருங்கள். சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் (பிளக் செருகும் துளை) இருக்கும். கிதார் தரும் சிறு மின் அலை ப்ரீஆம்பில் கொஞ்சம் வளர்ந்து, பவர் ஆம்பில் பெருத்து, ஸ்பீக்கரை உதைக்கிறது. நடுவில் எக்கோ பெட்டி மாதிரி எதையாவது சேர்க்க வைத்த வாசல்தான் அந்த இரண்டும். எதையும் செருகாதபோது, பெரும்பாலான ஆம்புகளில் ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு உலோக நாக்கு இன்னொரு தகட்டின் மேல் சாய்ந்து பாதையை இணைத்து வைத்திருக்கும். பிளக் நுழைந்தால் நாக்கு விலகும்.

அந்த ஜாக்கை வருஷக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தினம் புழங்கும் பித்தளைக் குடம் மின்னும். சீர்வரிசையில் வந்து பரணேறிய அண்டா கறுத்துவிடும் என்பது செட்டிநாட்டு ஆச்சிகளுக்குத் தெரியாததா? ஈரக்காற்று, தூசி, வாணவேடிக்கையின் கந்தகப் புகை எல்லாம் சேர்ந்து அந்த நாக்கிலும் களிம்புப் படலம் கட்டுகின்றன. படலம் மின்சாரத்தை மறிக்கிறது, சத்தம் அடங்குகிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். படலம் 10 நானோமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். தலைமுடியின் கனத்தை ஏழாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு. அதன் இரு பக்கமும் 1 வோல்ட் நின்றால், மீட்டருக்கு 10 கோடி வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் உண்டாகிறது. காற்றைக் கிழித்துப் பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். இது அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல்! படலம் ஓரிடத்தில் பொத்துக்கொள்கிறது. அந்தத் துளை வழியே உலோகம் மெல்லிய இழையாகப் பாலம் போடுகிறது. சத்தம் திரும்புகிறது.

மென்மையாக வாசிக்கும்போது அந்த 1 வோல்ட் கிடைப்பதில்லை, படலம் அசையாது. ஓங்கி இழுத்தால் கிடைக்கிறது. தம்பியின் கோபம் வேலை செய்த ரகசியம் இதுதான். ஆனால் இழை அற்பமானது. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருந்தால், பேஸ் அதிர அதிர நாக்கு துளி நகர்ந்து, இழை அறுந்துவிடும். தன் முழக்கத்தாலேயே தன் குரலை அடைத்துக்கொள்ளும் பெட்டி! வீட்டு லைட் சுவிட்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. 230 வோல்ட்டுக்கு முன்னால் இந்தப் படலம் எம்மாத்திரம்.

1890-ல் பிரான்லி என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து மின்காந்த அலையைப் பிடித்ததும் இதே வித்தையில்தான். அலை வந்தால் தூள் கைகோத்து மின்சாரத்தை விடும். குழாயைத் தட்டினால் பிரிந்துவிடும். ஆரம்பகால வானொலித் தந்தி இப்படித் தட்டித் தட்டித்தான் கேட்டது.

உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். ராக்கெட் பறந்தால் தலைப்புச் செய்தி, துருவுக்கு யார் கைதட்டுவார்? இன்றைய கோடீஸ்வரர்களில் ஒருவராவது களிம்பு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால் அவருக்கு நானே மாலை போடுவேன்.

தம்பி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குட்டையான கிதார் கேபிள் ஒன்றால் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்து வாசியுங்கள். சத்தம் நிலைத்து நின்றால் குற்றவாளி அந்த நாக்குதான். அப்புறம் கரண்டை அணைத்து, கான்டாக்ட் கிளீனர் என்ற துப்புரவு ஸ்ப்ரேயை ரிட்டர்ன் ஜாக்கில் துளி அடித்து, பிளக்கை இருபது தடவை செருகி உருவுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். ஆம்பைத் திறக்கவும் வேண்டாம். அணைத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

எலுமிச்சம்பழம் தொங்கிவிட்டுப் போகட்டும். அழுகிச் சாறு ஜாக்கில் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது அமிலம்.