டி செல்லின் காதைத் தீட்டும் குட்டி ஆர்.என்.ஏ

நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளரும் ஒவ்வொரு டி செல்லுக்கும் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) ஒரு கடுமையான தேர்வு உண்டு. நம் உடலின் சொந்தப் புரதத் துணுக்குகள் அதன் முன்னால் நீட்டப்படும். லேசாக உணர்ந்தால் பிழைக்கும். கொஞ்சமும் உணராவிட்டால் சாகும். இறுகப் பற்றிக்கொண்டாலும் சாகும், ஏனென்றால் அப்படிப்பட்ட செல் பின்னால் உடலையே தாக்கக்கூடும். தைமஸில் உருவாகும் செல்களில் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வருவதில்லை.

எனக்கு இதைவிட ஆச்சரியமானது அடுத்து நடப்பதுதான். தேர்வில் அந்தத் துணுக்கை உணர்ந்த அதே செல், முதிர்ந்து ரத்தத்துக்கு வந்தபின் அதைப் பார்த்துக் கிளர்ந்தெழுவதில்லை. துணுக்கைத் தொட்டு உணரும் ஏற்பி அதேதான், துணுக்கும் அதேதான். செல்லின் காது மட்டும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது. இதில் முக்கியப் பங்கு மைக்ரோ ஆர்.என்.ஏ-181ஏ என்ற மூலக்கூறுக்கு.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள இழை. டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்பட்டாலும் அதிலிருந்து புரதம் உருவாவதில்லை. தன் எழுத்துகளுக்கு இணை சேரும் தூது ஆர்.என்.ஏ.க்களில் (புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து சுமந்து வருபவை) போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தத் தூது சிதையும், அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது குறையும். ஆறேழு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும் என்பதால், ஒரே இழை பல மரபணுக்களை ஒருசேர அடக்கிவிடுகிறது. 1993-ல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, 181ஏ என்ன செய்கிறது? ஏற்பி துணுக்கைத் தொட்டதும், செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக் குழு அடுத்தடுத்து ஏறி, செய்தி உள்ளே பரவும். பாஸ்பட்டேஸ் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிச் செய்தியை அணைக்கும். 181ஏ இந்த நொதிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் குறைக்கிறது. அணைப்பவை குறைந்ததும் மெல்லிய தொடுகையும் உரக்கக் கேட்கிறது. இளம் செல்லில் 181ஏ ஏராளம்; முதிரும்போது குறைந்துவிடுகிறது, நொதிகள் திரும்பி வருகின்றன. முதிர்ந்த செல்லில் 181ஏ-வைச் செயற்கையாகக் கூட்டியபோது, உணர்திறன் மறுபடி கூடியதை 2007-ல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். முதிர்ந்த டி செல்களிலும், ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களிலும் நிறைய இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ-150-ஐ எலியின் ரத்த மூலச் செல்களில் முன்கூட்டியே புகுத்திப் பார்த்தார்கள். அது குறைக்கும் சி-மிப் என்ற புரதம் இளம் பி செல்லுக்கு அவசியம். டி செல்கள் ஏறக்குறைய வழக்கம்போல வளர்ந்தன. பி செல்களோ ஆரம்பக் கட்டத்திலேயே தேங்கி நின்றுவிட்டன.