லிப்ரே ஆபீஸில் கோளாறா? சகித்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் சிறு அலுவலகங்கள், அச்சகங்கள், தனியார் பள்ளிகளுக்குக் கணினி பராமரிப்பு செய்து கொடுப்பது என் தொழில். வேர்டு, எக்செல் செய்யும் வேலைகளை இலவசமாகச் செய்து தரும் லிப்ரே ஆபீஸைப் போட்டுக் கொடுத்த இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “சும்மா கிடைக்கிறதுதானே தம்பி, இப்படித்தான் இருக்கும்.” அட்டவணையின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருக்கும். எண்வரிசை கலைந்திருக்கும். ஸ்பேஸ் பாரை நாலு தட்டுத் தட்டி எப்படியோ சரிக்கட்டி பிரிண்ட் எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதமும் அதே தொல்லை. சிலர் பொறுமை இழந்து, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த, உரிமம் இல்லாத கிராக் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு மாறிவிடுகிறார்கள். அந்தக் கிராக் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்து வைக்கிறார்கள், அதுவும் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில்.

இந்த மென்பொருளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். முறையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். சொல்ல ஒரு வழி இருக்கிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியவில்லை.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் 1980களில் எழுதிய ஸ்டார் ரைட்டர் என்ற ஆவண மென்பொருள்தான் இதன் வேர். 1999இல் அந்த நிறுவனத்தை அமெரிக்கக் கணினி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். 2010 தொடக்கத்தில் சன் நிறுவனமே ஆரக்கிள் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. இனி என்ன ஆகுமோ என்ற கவலையில், அதுவரை வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் 2010 செப்டம்பர் 28 அன்று தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் தனியே வந்துவிட்டார்கள். 2011 ஜனவரியில் லிப்ரே ஆபீஸின் முதல் பதிப்பான 3.3 வெளியானது. அறக்கட்டளையை ஜெர்மன் சட்டப்படி பதிவு செய்ய மூலதனமாக 50,000 யூரோ தேவைப்பட்டது. பொதுமக்களிடம் கேட்டார்கள், எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. 2012இல் பெர்லினில் பதிவும் முடிந்தது.

இதில் நான் பெரிதாக நினைப்பது பதிப்புரிமை விஷயத்தை. சன், ஆரக்கிள் காலத்தில் நிரல் எழுதிக் கொடுப்பவர், அதன் உரிமையை நிறுவனத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் அந்தக் கையெழுத்து கிடையாது. எழுதியவரின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். திறந்த உரிமத்தில் தருகிறேன் என்று அவர் சொன்னால் போதும். உரிமை இப்படி நூற்றுக்கணக்கானோர் கையில் சிதறிக் கிடப்பதால், நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் வந்து மொத்தமாக வாங்கிப் பூட்டிவிட முடியாது. பத்து வருடக் கோப்புகளை ஒரு மென்பொருளை நம்பி வைத்திருக்கும் சின்ன அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய பெயரிலும் ஒரு மென்பொருள் இன்னும் கிடைக்கிறது. ஆரக்கிள் அதை 2011இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. 2014இல் 4.1 வந்தது. அதற்குப் பிறகு அதே 4.1 வரிசையில் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். பெயர் நினைவில் இருப்பதால் இன்றும் பலர் அதைத் தேடி இறக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் பார்க்கும் கோளாறு லிப்ரே ஆபீஸில் எப்போதோ சரியாகியிருக்கலாம். அதனால் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தன்னார்வலர் என்றதும் ராத்திரி கண்விழித்து நிரல் எழுதும் மேதைகளை நினைத்துக்கொள்கிறோம். நிலைமை அப்படி இல்லை. நிரலில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். கொலபோரா போன்ற நிறுவனங்கள் அரசுகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் ஆதரவுச் சேவை விற்று, அந்தப் பணத்தில் நிரலாளர்களை வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு தன் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தது. அந்த மாதிரி வாடிக்கையாளருக்கு ஒரு தேவை என்றால் செய்து கொடுக்க ஆள் உண்டு. சோதனை, மொழிபெயர்ப்பு, கையேடு எழுதுவது, புகார்களைப் பிரித்துப் பார்ப்பது போன்றவற்றில்தான் தன்னார்வலர்களின் உழைப்பு அதிகம். நிரலே தெரியாமல் பெரிய வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டார் டிவிஷன்காரர்கள் நிரலுக்குள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில் இருந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று மற்ற நாட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. ஜெர்மன் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அதனால் புதியவர்கள் தைரியமாக உள்ளே கை வைப்பது சுலபமானது.

தமிழுக்கு வருவோம். ஜெர்மன் எழுத்தின் மேலிருக்கும் புள்ளி ஒன்று இடம் மாறினால் அங்கே அன்றைக்கே கவனிப்பார்கள். ‘கொ’வில் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகப் பிரிந்து நின்றால், அது பிழை என்றே பெர்லினில் இருப்பவருக்குத் தெரியாது. காசு கொடுத்துத் தமிழுக்காகக் கேட்கும் அலுவலகம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆக, நம் எழுத்தில் வரும் கோளாறை நாம்தான் சொல்ல வேண்டும்.

மற்ற மொழிக்காரர்கள் செய்த வேலை நமக்கும் பயன்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் லிப்ரே ஆபீஸ் எழுத்துகளைக் கோக்கும் வேலையை விண்டோஸில் ஒரு விதமாகவும் மேக்கில் ஒரு விதமாகவும் லினக்ஸில் வேறு விதமாகவும் செய்துகொண்டிருந்தது. ஒரே தமிழ்க் கோப்பு மூன்று கணினியில் மூன்று மாதிரி தெரியும். 2017இல் வந்த 5.3 பதிப்பில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஹார்ஃப்பஸ் என்ற நிரலையே பயன்படுத்தும்படி மாற்றினார்கள். அதில் முக்கியப் பங்கு காலித் ஹோஸ்னியுடையது. அமிரி என்ற அரபு எழுத்துருவை உருவாக்கியவர் அவர். எழுத்துப்பிழை திருத்தியான ஹன்ஸ்பெல்லின் கதையும் இப்படித்தான். லாஸ்லோ நெமெத் அதை ஹங்கேரிய மொழிக்காக எழுதினார். நம் மொழியைப் போலவே அதிலும் சொல்லுக்குப் பின்னால் விகுதி மேல் விகுதி ஒட்டிக்கொண்டே போகும். அதனால் அந்த அமைப்பு தமிழுக்கும் பொருந்துகிறது. ‘வீட்டிலிருந்தும்’ சரி, ‘வீடிலிருந்தும்’ தப்பு என்ற விதியை மட்டும் தமிழ் தெரிந்தவர்தான் எழுதித் தர வேண்டும்.

சரி, ஒரு புகார் எப்படிப் பயணிக்கிறது?

ஒரு பள்ளியின் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். வேர்டில் தயாரித்த டாக்எக்ஸ் கோப்பு. பழைய பதிப்பில் ஒரே பக்கத்தில் அடங்கியது, புதிய பதிப்பில் மூன்றாம் கேள்வி அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. அந்தக் கோப்பை நகல் எடுத்து, பள்ளியின் பெயர், முத்திரை, ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். எதை அழித்தால் கோளாறும் மறைகிறதோ, அதை மட்டும் மீண்டும் கொண்டுவாருங்கள். கடைசியில் இரண்டு வரி கொண்ட அட்டவணை ஒன்றுதான் மிஞ்சும். சரிசெய்பவர் கையில் இருக்க வேண்டியது அதுதான். இருபது பக்கக் கோப்பைக் கொடுத்து “எங்கோ தப்பா வருது” என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதை பக்ஜில்லா என்ற புகார்ப் பதிவேட்டில் ஏற்றுகிறீர்கள். ஏறியதும் அது உறுதி செய்யப்படாத புகார். வேறு ஒரு நாட்டில் வேறு ஒரு தன்னார்வலர் உங்கள் கோப்பைத் தன் கணினியில் திறந்து, அதே கோளாறைப் பார்த்தால்தான் நிலை மாறும். அப்புறம் வேட்டை ஆரம்பிக்கிறது. லிப்ரே ஆபீஸின் ஆயிரக்கணக்கான இடைநிலைப் பதிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றைத் திறப்பார்கள். அதில் கோளாறு இல்லையென்றால் தப்பு அதற்குப் பின்னால் வந்தது, இருந்தால் முன்னால். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 4,000 பதிப்புகள் இருந்தாலும் 12 முறை திறந்து பார்த்தால் போதும், எந்த மாற்றத்தால் கெட்டது என்று கையைக் காட்டிவிடலாம். இதைச் செய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டளை வரியில் சில வார்த்தைகளும் பொறுமையும் போதும். குற்றவாளி மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால் நிரலாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருத்தம் எழுதியதும் நேரே சேர்த்துவிட மாட்டார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றிப் பார்க்கும் தானியங்கிச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். பல நேரங்களில் நீங்கள் அனுப்பிய அந்த இரண்டு வரி அட்டவணையே, உங்கள் புகார் எண்ணைத் தன் பெயராகத் தாங்கி, சோதனைக் கோப்பாக மூல நிரலோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு யார் எதை மாற்றினாலும் அந்தக் கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். மதுரையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளம்பிய தொல்லை, இனி உலகத்தில் யாருக்கும் அதே வடிவில் திரும்பாமல் அந்தக் கோப்பு காவல் காக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதனால்தான் அந்தரங்க விவரங்களை நீக்கச் சொன்னேன். பக்ஜில்லாவில் ஏற்றும் கோப்பை உலகமே பார்க்கலாம். ஊழியர் சம்பளப் பட்டியல், ஆதார் எண், நோயாளி விவரம் எதுவும் அதில் இருக்கவே கூடாது. பெயர்களை ‘அஅஅ’ என்று மாற்றிய பிறகும் கோளாறு வருகிறதா என்று சரிபார்த்து, அதன் பிறகு ஏற்றுங்கள். கோப்பின் பண்புகளில் தயாரித்தவர் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. எனக்கு வரும் “தமிழ் சரியாகத் தெரியவில்லை” புகார்களில் பெரும்பாலானவை லிப்ரே ஆபீஸின் குற்றம் இல்லை. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத்தான் தெரியும். எந்த மென்பொருளிலும் அப்படித்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் இந்தக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் அடித்த கோப்பை அது இல்லாத லினக்ஸில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து பக்கக் கணக்கு மாறும். அதுவும் பிழை இல்லை. புகார் எழுதுவதற்கு முன் உதவிப் பட்டியலில் இருக்கும் சேஃப் மோடில் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் சொந்த அமைப்புகள் கெட்டுப்போனதால் வந்த கோளாறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தமிழுக்கான எழுத்துரு, ஆப்ஷன்ஸில் ரைட்டருக்குக் கீழே ‘பேசிக் ஃபாண்ட்ஸ் (சிடிஎல்)’ என்ற தனி இடத்தில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோளாறு அப்படியே இருந்தால், எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு. தமிழ் தெரியாதவர் பார்க்கிறார் என்பதால், சரியாக வந்த படம் ஒன்று, தப்பாக வந்த படம் ஒன்று, இரண்டையும் வைத்து, தப்பு இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். யாராவது திருப்பிக் கேள்வி கேட்டு, நீங்கள் மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் விட்டால் புகாரை மூடிவிடுவார்கள். நம் பக்கத்துப் புகார்கள் பல அப்படி மூடிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பில் ஆர்வம் இருப்பவர்களுக்கு வெப்லேட் என்ற தளம் இருக்கிறது. நிரல் எதையும் தொடாமல், பட்டியலில் இருக்கும் சொற்றொடர்களை உலாவியிலேயே தமிழாக்கலாம். தமிழ் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அங்கே தாராளமாக வரலாம்.

புதிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் சோதனைப் பதிப்புகள் விடுவார்கள். அவற்றில் முதலில் வரும் ஆல்ஃபா, பீட்டா பதிப்புகளை, உங்கள் லிப்ரே ஆபீஸைத் தொடாமல், பக்கத்திலேயே தனியாக நிறுவிக்கொள்ளலாம். அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் லெட்டர்பேட், பில், வினாத்தாள், வருகைப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை அதில் திறந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அப்போது சொல்லும் கோளாறு வெளியீட்டுக்கு முன்பே சரியாக வாய்ப்பு அதிகம். வெளிவந்த பிறகு சொன்னால் அடுத்தடுத்த திருத்தப் பதிப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும்.